செவ்வாய்க்கிழமை ஓட்டம்

ஞாயிறு மாலை வந்தாலே எங்கள் ஊர் ட்ரையத்லான் சங்கத்தில் எல்லோரும் போனைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருப்போம். பயிற்சியாளர் விபெகே அடுத்த வாரத் திட்டத்தைப் போனுக்கு அனுப்பும் நேரம் அது. நாளுக்கு ஒரு கட்டம். சொன்னபடி செய்தால் கைக்கடிகாரமே தகவல் அனுப்பிக் கட்டத்தைப் பச்சையாக்கும். செய்யாவிட்டால் சிவப்பு.

ஆகஸ்ட் போட்டிக்கு மூவர் அணி: ஒருவர் நீந்த, ஒருவர் சைக்கிள் ஓட்ட, ஒருவர் ஓட. முதல் இரண்டு இடங்களும் நிரம்பிவிட்டன. மூன்றாவது எனக்கு வேண்டும். நாற்பத்தேழு வயதில் ஒரு தடவையாவது சங்கத்தின் பனியனைப் போட்டுக்கொண்டு ஓடிவிட வேண்டும் என்று பைத்தியமாக அலைந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை கொட்டும் மழை. சோபாவை விட்டு எழ மனமில்லை. என் கடிகாரத்தை மனைவி டோர்த்தேயின் கையில் கட்டினேன்.

"நாப்பதே நிமிஷ ஓட்டம். இல்லன்னா கட்டம் சிவப்பாயிடும்."

"உன் சோம்பேறித்தனத்துக்கு நான் நனையணுமா?" என்றாள். ஆனாலும் போனாள்.

வினை அங்கேதான். கடிகாரம் காட்டும் எண்களைப் பார்த்துத்தான் விபெகே திட்டம் போடுவாள். டோர்த்தேயின் எண்கள் என்னுடையதைவிட நன்றாக இருந்ததால், அடுத்த செவ்வாய்க்கு ஓட்டம் இன்னும் கடினமானது. என்னால் முடியாது, மறுபடியும் டோர்த்தே போனாள். அதற்கடுத்த வாரம் இன்னும் வேகம். புலி வாலைப் பிடித்த கதைதான்.

"என்ன யெஸ்பர், வயசு பின்னால போகுதா? செவ்வாய்க்கிழமை ஓட்டத்துல நாடித்துடிப்பு இருபது கொறைஞ்சிருக்கே!" என்று நீச்சல் குளத்தில் விபெகே முதுகில் தட்டினாள். நான் வெட்கமில்லாமல் சிரித்தேன்.

ஆறாவது வாரம் சனிக்கிழமை, ஏரியைச் சுற்றித் தேர்வு ஓட்டம். இரண்டாவது கிலோமீட்டரிலேயே எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. விபெகே போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"செவ்வாய்க்கிழமை ஓடினது யாரு?"

வேடிக்கை பார்க்க வந்திருந்த டோர்த்தேயைக் காட்டினேன். கூட்டமே சிரித்தது.

"நான் தேர்ந்தெடுத்தது அந்த நாடித்துடிப்பை. அது எந்த உடம்புல இருக்கோ, இடம் அதுக்குத்தான்" என்றாள் விபெகே. "டோர்த்தே, ஓடறீங்களா?"

மறுத்துவிடுவாள் என்று நம்பினேன்.

"ஓடறேன்." கேள்வி முடியுமுன் பதில் வந்துவிட்டது.

"ஆசை இருந்தா சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"நீ எங்க கேட்டே? மழையில துரத்தித்தானே விட்டே! ரெண்டாவது வாரத்துலேருந்து செவ்வாய் எப்ப வரும்னு நான் காத்துக்கிட்டிருக்கேன்."

பதினெட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு அது தெரியவில்லை. வயிறு எரிந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் அணிப் பட்டியலில் அவள் பெயரை நானே எழுதினேன், கொட்டை எழுத்தில்.