படிவத்தில் பிறந்த நூற்று நாற்பது பெண்கள்

ஆய்விதழில் கட்டுரை வெளிவந்த பதினோராம் நாள் காலை, பிறந்தே இராத நூற்று நாற்பது பெண்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தில் இறங்கி, வழி கேட்காமலே பேராசிரியர் இருளப்பசாமியின் வீட்டுக்கு நடந்து வந்தார்கள். அன்று வெயில் சற்றுக் குறைவாகவே இருந்தது.

இருளப்பசாமி இராஜபாளையத்துத் தனியார் கல்லூரியொன்றில் பணியாற்றியவர். எவருக்கும் தீங்கு நினைத்தவரல்லர் என்பதைப் பணிவுடன் குறிப்பிட வேண்டும். பஞ்சுத் தூசியால் ஆலைப் பெண்களுக்கு இருமல் வருகிறதா என்று இருநூறு பேரிடம் கேட்டு எழுதுவது அவருடைய ஆய்வு. அறுபது பேரைக் கேட்டு முடித்த நிலையில் ஆடிப்பூரத் தேருக்காக ஆலைக்கு விடுமுறை விட்டார்கள். கட்டுரை அனுப்பக் கடைசி நாளும் அதுவே. பதவி உயர்வுக்கு அந்த ஒரு கட்டுரைதான் குறைந்தது. தேர் நிலைக்கு வருவதற்குள் மீதிப் படிவங்களை அவரே நிரப்பினார். ஊர் மம்சாபுரம், பெயர் கேட்கப்படவில்லை. கேள்விகள் பதினொன்றுக்கும் 'இல்லை' என்ற கட்டங்கள் ஒரே நேர்கோட்டில் இருந்தமையால், கைக்கு அதுவே எளிதாயிற்று. வயதுக்கு நேரே பல இடங்களில் 'மேற்படி' என்று எழுதினார். அவ்வாறு எழுதப்பட்ட பெண்களுக்கு முந்தைய பெண்ணின் முகமே அமைந்திருந்தது.

"ஏங்க, எம்புட்டுப் பேருக்குத்தான் டீ போடுறது?" என்றாள் அவர் மனைவி பாண்டீஸ்வரி. "சீனி வேணுமான்னு கேட்டா இல்லைங்காளுக, உக்காருதியளான்னு கேட்டாலும் இல்லைங்காளுக. நீங்க பேசக் கத்துக்குடுத்த லட்சணமா இது?"

ஆய்விதழின் மதிப்பீட்டாளர்கள் இருவரும் கட்டுரையைப் பாராட்டியிருந்தார்கள். பதவி உயர்வும் வந்தது. பெண்கள் கல்லூரிக்கும் கடைத்தெருவுக்கும் அவர் பின்னால் வரிசையாக நடந்தார்கள். நான்கே மாதத்தில் ஊர் அதற்குப் பழகிவிட்டது. நடத்துநர்கள் மட்டும், இவர்களுக்கு இடம் போதாதென்று கூடுதல் பேருந்து கேட்டு மனுக் கொடுத்தார்கள்.

அடுத்து வந்த மார்கழியில் பாலம்மாள் வந்தாள். உண்மையாகவே கேட்கப்பட்ட அறுபது பேரில் ஒருத்தி. பஞ்சு சீவும், தூசி மிகுந்த கார்டிங் பிரிவிலிருந்து தன்னை மாற்றும்படி அவள் கேட்டதற்கு, ஆலையில் அவருடைய கட்டுரையை எடுத்துக் காட்டியிருந்தார்கள்.

"இருநூறு பேருல நூத்தி நாப்பது பேருக்கு மேல இருமலே இல்லையாம்ல சார். ஒனக்கு மட்டும் எங்க இருந்து வந்துச்சுன்னு கேக்காக." வரிசையாக நின்றவர்களை அவள் ஏற இறங்கப் பார்த்தாள். "இவியதானா அது? மம்சாபுரம்னு எழுதியிருக்கு. நானும் மம்சாபுரந்தான், ஒரு கல்யாண வீட்டுல கூடப் பாத்ததில்லையே! நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தா மாத்திருவாக சார்."

"எழுதுகிறேன் அம்மா" என்றார் இருளப்பசாமி. கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக அன்று மாலையே கடிதம் எழுதினார். அதை அனுப்பவில்லை. மறு ஆண்டு துறைத்தலைவரானார். கடிதத்தை இன்னும் கண்ணியமான சொற்களில் திருத்தி எழுதினார். அதையும் அனுப்பவில்லை. இவ்வாறு இரண்டு ஆண்டுகள் சென்றன. இதற்கிடையில் வேறு ஒன்பது கட்டுரைகள் அவர் கட்டுரையை மேற்கோள் காட்டின. பாலம்மாள் கார்டிங்கிலேயே இருந்தாள்.

அவள் இறந்த செய்தி தையில் வந்தது. மம்சாபுரத்துக்கு அவர் சென்றபோது பெண்களும் உடன் சென்றார்கள். துக்க வீட்டார் ஒதுங்கி இடம் கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் அழாமல் நிற்பதைப் பாலம்மாளின் மகள் மாரீஸ்வரி வெகுநேரம் பார்த்திருந்தாள்.

"எங்கம்மாவுக்கு இருமல் இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றார்கள் நூற்று நாற்பது பேரும்.

இருளப்பசாமி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். "இருந்துச்சு தாயி" என்றார். "எனக்குத் தெரியும். இவியளை நான்தான் எழுதினேன்."

சட்டைப் பையிலேயே கிடந்த கடிதத்தை அவர் அங்கிருந்தே அனுப்பினார். ஏழு மாதம் கழித்து ஆய்விதழ், தன் கடைசிப் பக்கத்தில், கட்டுரை திரும்பப் பெறப்பட்டதாக நான்கு வரி வெளியிட்டது. பதவி போயிற்று. அந்த நான்கு வரியைப் படித்தவர் சிலரே. கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆகவே பெண்கள் போகவில்லை. மம்சாபுரத்தார் பாலம்மாளின் தெருவிலேயே அவர்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு தையிலும் அவள் நினைவுநாளில் சாமி கும்பிடும்போது அவர்களுக்கும் இலை போடப்படுகிறது. இருளப்பசாமிதான் பரிமாறுகிறார். சாப்பாடு போதுமா என்று அவர் கேட்பதில்லை.