நிறுத்தும் கயிறு

நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரி போகும் பெல்ட்டின் ஓரம் முழுக்க ஒரு கயிறு ஓடும். ஆபத்தென்றால் யாரும் அதை இழுக்கலாம், பெல்ட் நின்றுவிடும். ஆனால் தானாக மறுபடி ஓடாது. இழுத்த இடத்துக்கே போய் சுவிட்சைக் கையால் திருப்ப வேண்டும். அங்கே இரைச்சலில் பேச்சு கேட்காது. அதனால் கயிறு இழுப்பதுபோல் கையைக் கீழே இழுத்துக் காட்டினால் 'நிறுத்து' என்று எல்லோருக்கும் புரியும்.

அந்தப் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் கரியை வாரும் ஒப்பந்தத் தொழிலாளி அன்புக்கரசி. சாமான் அறையில் வைத்து அவளை வன்புணர்ந்தான் சூப்பர்வைசர் சுதாகர். அன்றே புகார் கொடுத்தாள். புகார் என்பது ஒருமுறை சொல்லி முடிப்பதல்ல. பெண் காவலர், டாக்டர், மாஜிஸ்திரேட் என்று ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். மூவரின் வேலையும் வேறு, அதனால் மூவரும் தனித்தனியே கேட்டாக வேண்டும். அவளுக்கோ ஒவ்வொரு முறையும் அதே அறைதான். இப்போதெல்லாம் குளிக்கும்போதுகூடக் கதவைத் தாழிடுவதில்லை.

இன்று குறுக்கு விசாரணை. ஊரான வடக்குத்திலிருந்து கடலூர் கோர்ட்டுக்குப் போகும் பஸ்ஸில் கணவன் துரைராஜிடம் சொன்னாள்:

"பாதியில வாய் அடைச்சிக்கினா எல்லாம் பொய்யினு ஆயிடும்யா."

"என்கூட சண்ட போடறப்ப என்னிக்கினா அடைச்சிக்கினு இருக்கா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இத்தகைய வழக்கைக் கதவைச் சாத்தித்தான் நடத்துவார்கள். சுதாகர் ஒரு திரைக்கு அப்பால் இருந்தான். துரைராஜ் மட்டும் நீதிபதியின் அனுமதியோடு பின்னால் உட்கார்ந்திருந்தான்.

"தாழ் போட்டது யார்? எந்தக் கையால்?" எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்.

சாமான் அறையின் கிரீஸ் வாடை அடித்தது. நாக்கு ஒட்டிக்கொண்டது. அவளுடைய கை தானாக உயர்ந்து கீழே இழுத்தது. பெல்ட் பக்கத்தில் வேலை பார்த்தே பழகிய துரைராஜ் சட்டென்று எழுந்துவிட்டான்.

"அம்மா, சாட்சி தன் கணவருக்குச் சைகை காட்டுகிறார். அவர் சொல்லிக்கொடுத்ததைத்தான் இதுவரை ஒப்பித்திருக்கிறார்," என்றார் வக்கீல் நீதிபதியிடம்.

நீதிபதி அவளைப் பார்த்தார். "என்ன சைகை அது?"

"நிறுத்துனு அர்த்தங்க. பெல்ட்டாண்ட அப்பிடித்தான் காட்டுவோம். வாய் வரல, கை பழக்கத்துல போயிடிச்சி."

"யாரை நிறுத்தச் சொன்னீங்க?"

"கேள்வியதாங்க. கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வந்து சொல்றேன்."

சாட்சி இப்படி இடைவேளை கேட்கலாம். அதை யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. நீதிபதி தலையசைத்தார்.

வெளியே துரைராஜ் பாட்டிலைத் திறந்து கொடுத்தான். "வூட்டுக்குப் போயிடலாமா? வேற நாள் கேட்டுக்கலாம்."

அவள் பாதி குடித்தாள். மீதியை முகத்தில் அடித்துக்கொண்டாள்.

"நிறுத்தினது நானு. நான்தான போயி ஓட்டணும்."

உள்ளே போய் அதே கூண்டில், அதே பலகைமேல் நின்றாள். வக்கீல் வேறு கேள்விக்குத் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"இருங்க, அதுக்கே இன்னும் சொல்லல," என்றாள் அன்புக்கரசி. "தாழ் போட்டது சுதாகர். சோத்தாங்கையால. பீச்சாங்கையால என் வாயப் பொத்திக்கினு இருந்தான்."