தங்கச்சனிடம் கேட்கவும்

"யாருடா இந்தத் தங்கச்சன்?"

லிஜி போனில் கேட்டாள். மறுமுனையில், திருச்சூரில், வினோஜ் பழம்பொரி தின்றுகொண்டிருந்தான். மெல்லுகிற சத்தம்கூடக் கேட்டது.

"எங்க வார்டுலயே நாலு தங்கச்சன் இருக்காங்க சேச்சி. உங்களுக்கு எந்தத் தங்கச்சன் வேணும்? மெம்பரா, மீன்காரரா?"

"நம்ம கோட்ல இருக்கிற தங்கச்சன்."

மெல்லுகிற சத்தம் நின்றது.

"நம்ம கோட்லயா?"

"அனுப்பியிருக்கேன். நீயே பாரு."

அவள் அனுப்பியது நிரலின் சில வரிகள்தான். அவை என்ன செய்கின்றன என்று புரிந்துகொள்வதில் சிரமமில்லை. விருச்சிக மாதம், அதாவது கார்த்திகை, பிறந்துவிட்டால், கடல் ஏற்றத்தின் உச்சத்தை ஏறக்குறைய ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டுச் சொல்லும். ஏன் தள்ளிப்போட வேண்டும் என்றுதான் எங்குமே இல்லை. மேலே ஒரே ஒரு குறிப்பு: 'தொடாதே. தொடுவதற்கு முன் தங்கச்சனிடம் கேட்கவும்.'

அந்த வரிகள் இருந்த மென்பொருள் லைப்ரரிக்குக் 'கொதும்பு' என்று பேர். ஒரே ஆள் துழாவுகிற கொதும்பு வள்ளம்போலச் சின்னது, தோடு என்கிற எந்தச் சின்ன வாய்க்காலிலும் நுழையும் என்று முதன்முதலில் எழுதிய பிரசூன் வைத்த பேர். கடல் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று கணக்கிட்டுச் சொல்லும். தானாக நின்று ஒன்றும் செய்யாது. மற்றவர்கள் தங்கள் நிரலுக்குள் அதைக் கூப்பிட்டு வேலை வாங்கிக்கொள்ளலாம். பிரசூன் நார்வேக்குக் கிளம்பியபோது லிஜியிடமும் வினோஜிடமும் இதை ஒப்படைத்துவிட்டுப் போனான். பகலெல்லாம் காக்கநாட்டில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு உழைக்கிற லிஜி, மிச்சப் பொழுதை இதற்குக் கொடுத்தாள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், கேட்க வேண்டியதில்லை. கேட்க வேண்டியதில்லை என்பதாலேயே யார் எடுத்துக்கொண்டார்கள், எதற்கு எடுத்துக்கொண்டார்கள் என்று இவர்களுக்கே தெரியாது. பதிவிறக்கியவர்களின் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். அந்த எண்ணுக்குப் பின்னால் முகமே கிடையாதா என்று லிஜி அடிக்கடி யோசிப்பாள்.

இப்போது, விருச்சிகம் நடந்துகொண்டிருக்கும்போதே, மூன்றாம் பதிப்பு வர வேண்டும். உலகம் முழுக்கப் போகிற ஒரு பெரிய லினக்ஸ் தொகுப்பு, முதல்முறையாகக் கொதும்பையும் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்திருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் கதவை அடைத்துவிடுவார்கள். அதற்குள் எது போய்ச் சேர்கிறதோ அதுதான் இரண்டு வருஷத்துக்கு. சரியானாலும் இரண்டு வருஷம், தப்பானாலும் இரண்டு வருஷம்.

"துறைமுகத்து அட்டவணையோட ஒத்துப் பார்த்தா விருச்சிகம் மொத்தமும் தப்புன்னு சிவப்பா வருதுடா," என்றாள் லிஜி. "அந்த வரிகளைத் தூக்கிட்டா எல்லாம் பச்சை."

"அப்போ தூக்குங்க."

"தங்கச்சன்?"

"பிரசூன் சேட்டன்கிட்டக் கேளுங்க."

கேட்டாள். பிரசூன் ஒரு மீன் ஆராய்ச்சிக் கப்பலில் ஏறப்போகிற அவசரத்தில் பதில் போட்டிருந்தான்: "அடடா, தங்கச்சன்! அவன் பொய்யே சொல்ல மாட்டான். இன்னும் உயிரோட இருக்கானா? கடல்ல சிக்னல் இருக்காது, திரும்பி வந்து பேசறேன்."

அதைப் படித்ததும் லிஜிக்கு ஆவல் இரட்டிப்பானது. வயதானவராக இருக்க வேண்டும். பொய் சொல்லாதவர். பிரசூன் 'அவன்' என்று உரிமையோடு சொல்கிற அளவுக்கு நெருக்கம். படகோட்டியா? துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவரா?

"ஒண்ணு பண்ணலாம் சேச்சி," என்றான் வினோஜ். "அந்த வரிகள் இல்லாம ஒரு முன்வெளியீடு விடுவோம். யாருக்காவது இடிச்சா அலறுவாங்க. யாரும் அலறலேன்னா தங்கச்சன் போய்ச் சேர்ந்துட்டார்னு வெச்சுக்கலாம்."

"வாயைக் கழுவுடா."

ஆனாலும் அதைத்தான் செய்தார்கள். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதும் அதுதான். திங்கட்கிழமை முன்வெளியீடு போனது. செவ்வாய் ஒருவரும் அலறவில்லை. புதன்கிழமையும் இல்லை. வியாழக்கிழமை ஒரு புகார் வந்தது. அனுப்பியவர் பேர் 'ஜெட்டிக்கடை', ஏதோ படகுத்துறைக் கடைபோல.

'பழசு சரி. புதுசு தப்பு. தண்ணி வருது.'

அவ்வளவுதான். லிஜி வழக்கமான படிவத்தை அனுப்பினாள்: எந்தப் பதிப்பு, எந்த இடம், பிழையை மறுபடி வரவழைக்க என்னென்ன படிகள்? கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

'இடம்: கடமக்குடி. படி ஒன்று: என் அடுக்களையில் வந்து நில்லுங்கள். படி இரண்டு: காத்திருங்கள். எதிர்பார்த்தது: தண்ணீர் இறங்க வேண்டும். நடந்தது: கணுக்கால் நனைந்தது.'

வினோஜ் போனில் சிரித்துச் சிரித்து இருமினான். "இதுவரைக்கும் நமக்கு வந்ததுலயே சுத்தமான புகார் இதுதான் சேச்சி!"

லிஜிக்குச் சிரிப்பு வந்தாலும் கை நிற்கவில்லை. கேட்டுத்தான் பார்ப்போமே என்று எழுதினாள்: 'உங்கள் பக்கத்தில் தங்கச்சன் என்று யாரையாவது தெரியுமா?'

'தெரியுமாவா? எங்கள் கடைக்குப் பின்னால்தான் இருக்கிறார்.'

'பேச முடியுமா?'

'அவர் போனில் எல்லாம் பேச மாட்டார். சனிக்கிழமை பெரிய ஏற்றம். நேரில் வாருங்கள்.'

சனிக்கிழமை காலையில் லிஜி லேப்டாப்பை முதுகில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தாள். வராப்புழையில் நிறுத்தி ஒரு கிலோ ஆரஞ்சு வாங்கினாள். வயசான மனுஷரை முதல்முறையாகப் பார்க்கப் போகும்போது வெறுங்கையோடு போனால் நன்றாக இருக்காது, அதுவும் பொய் சொல்லாத மனுஷர்.

ஜெட்டிக்குப் போகிற வழியின் இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீரிலேயே நெல் விளைகிற பொக்காளி வயலில் தண்ணீர் வானத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தது. ஜெட்டியை ஒட்டி ஒரு ஜெராக்ஸ் கடை. மொபைல் ரீசார்ஜ், லாமினேஷன், கரண்ட் பில் எல்லாம் அங்கேதான். உள்ளே நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெண், நைட்டியின் மேல் துண்டு போட்டுக்கொண்டு, யாரிடமோ கத்திக்கொண்டிருந்தாள்.

"ரண்டு பக்கமும் எடுக்கணும்னா முன்னாடியே சொல்லணும் வறீதே! என் மிஷின் ஜோசியமா பார்க்கும்?"

வறீது போனதும் லிஜி கேட்டாள், "ஜெட்டிக்கடை?"

"கொதும்பு?" என்றாள் அவள்.

இருவரும் ஒருவரையொருவர் ஏற இறங்கப் பார்த்துக்கொண்டார்கள்.

"இவ்வளவு சின்னப் பொண்ணா நீ! என்னமோ தாடி வெச்ச ஆளுன்னு நெனச்சேன். நான் டெஸ்ஸி. உக்காரு கொச்சே. கட்டன்சாயா போடட்டுமா?"

"அப்புறம் சேச்சி. முதல்ல தங்கச்சன் சாரைப் பார்க்கணும்." லிஜி ஆரஞ்சுப் பையைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினாள்.

டெஸ்ஸி பையைப் பார்த்தாள். லிஜியைப் பார்த்தாள். மறுபடி பையைப் பார்த்தாள். உதட்டை மடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள்.

"வா, காட்டறேன். சாருக்குப் பல் இல்ல. ஆரஞ்சு கஷ்டம்."

கடைக்குப் பின்னால் ஜெட்டித் தூணோடு சேர்த்துக் கட்டிய ஒரு தடித்த பிளாஸ்டிக் குழாய் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. அதற்குள் ஒரு மிதவை. அதிலிருந்து ஒரு ஒயர், கடைச் சுவரில் அறைந்த டப்பாவுக்குப் போனது. டப்பாவின் கண்ணாடிக்குள் உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டர், ஒரு பச்சைப் புள்ளி மினுமினுத்துக்கொண்டு. மூடியின் மேல் மார்க்கரால் எழுதியிருந்தது: தங்கச்சன்.

லிஜி ஆரஞ்சுப் பையோடு அப்படியே நின்றாள்.

"இதை இங்க மாட்டினப்போ பிரசூன் வெச்ச பேர்," என்றாள் டெஸ்ஸி. "அவங்க ஹாஸ்டல் மெஸ்ல தங்கச்சன்னு ஒருத்தர் இருந்தாராம். எவ்வளவு கெஞ்சினாலும் சாம்பார் ஒரே அளவுதான் ஊத்துவாராம். கூடாது, குறையாது. இதுவும் அப்படித்தான். தண்ணி எவ்வளவோ அவ்வளவுதான் சொல்லும்."

"இத்தனை வருஷமா ஓடுதா?"

"கரண்ட் என் கடையிலருந்து போகுது. பார்க்கிறவங்க ஏதோ சர்க்கார் சாமான்னு நெனச்சு யாரும் கை வெக்கல. மெம்பரே ஒரு தடவை வந்து துடைச்சுட்டுப் போனார்."

"நீங்க ஏன் சேச்சி இதை எங்ககிட்டச் சொல்லல?"

"நீங்க எப்போ கேட்டீங்க?"

லிஜி நெருங்கிப் போய் டப்பாவைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளே பதிவாகியிருந்ததை லேப்டாப்பில் இழுத்தாள். விருச்சிகத்து உச்சங்கள் ஒவ்வொன்றும், அவள் தூக்கி எறிந்த அந்த வரிகள் சொன்ன நேரத்தில் அச்சாக வந்து உட்கார்ந்தன. அவள் பச்சை பச்சையாக வாங்கிய புதுக் கணக்கோ ஒரு மணி நேரம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆனா துறைமுகத்துல புதுக் கணக்குதான் சரி. இப்பவே அங்க தண்ணி இறங்க ஆரம்பிச்சிருக்கும்."

"துறைமுகம் அங்க. நாம இங்க. தண்ணி என்ன பஸ்ஸிலயா வருது? கடல் உள்ள நுழையற அழிமுகம் தாண்டி, காயல் சுத்தி, விருச்சிகத்துப் பெரிய ஏற்றம்னா வயலையெல்லாம் நிறைச்சுட்டு, இந்தத் தோட்டுக்குள்ள நுழைஞ்சுல்ல வரணும்?"

லிஜி திரும்பி அவளைப் பார்த்தாள். "நீங்க கம்ப்யூட்டர் படிச்சீங்களா சேச்சி?"

"எம்.சி.ஏ. கல்யாணத்துக்கு முன்னாடி இன்ஃபோபார்க்ல மூணு வருஷம். பின்ன யாரு உன் லைப்ரரியைக் கூப்பிட்டு இதெல்லாம் அடிக்கிறாங்கன்னு நெனச்சே?" மேஜையிலிருந்த சீட்டுக் கட்டை எடுத்துக் காட்டினாள். ஏற்றம் எப்போது, இறக்கம் எப்போது, ஃப்ரிட்ஜை எப்போது பலகை மேல் ஏற்ற வேண்டும், மெத்தையை எப்போது சுருட்ட வேண்டும் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு சீட்டு. "இந்த வாரம் நான் புதுசை வெச்சு அடிச்சுக் கொடுத்துட்டேன். இறங்கிடுச்சுன்னு நம்பி ஏலிச்சேச்சி மெத்தையைக் கீழே விரிச்சாங்க. நனைஞ்சு போச்சு. இன்னும் என்கிட்டப் பேசல."

"முன்வெளியீடுன்னு போட்டிருந்தோமே. சோதிக்கிறதுக்குன்னு எழுதியிருந்தோமே சேச்சி."

"புதுசுன்னு ஒண்ணு வந்தா எடுத்துப் பார்க்காம என்னால இருக்க முடியாது கொச்சே. அது எனக்கு ஒரு வியாதி."

"எனக்கும்தான்," என்றாள் லிஜி.

கடைக்குள்ளேயே உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தாள். போனில் வினோஜ்.

"விஷயம் இதுதான்டா. பிரசூன் இந்த ஜெட்டிக்கு மட்டும்தான் எழுதியிருக்கான். அப்புறம் நாம துறைமுகத்தைச் சேர்த்தோம், கொல்லத்தைச் சேர்த்தோம். ஆனா அந்த வரிகள் எல்லா இடத்துக்கும் சேர்ந்தே ஓடிட்டு இருந்திருக்கு. வரிகள் தப்பில்ல, எங்க ஓடணும்ங்கிறதுதான் தப்பு. காயலுக்குள்ள இருக்கிற இடங்களுக்கு மட்டும் ஓடற மாதிரி மாத்தறேன்."

"தங்கச்சன் என்ன சொன்னார்?"

"தங்கச்சன் ஒரு குழாய்டா."

"சேச்சி, நீங்க அவருக்கு ஆரஞ்சு வாங்கிட்டுப் போகப்போறேன்னு சொன்னீங்களே..."

"மூடு வாயை."

மாற்றி எழுதினாள். தங்கச்சனின் பதிவுகளையும் சோதனையில் சேர்த்தாள். இனி யார் அந்த வரிகளைத் தூக்கினாலும் சிவப்பாகக் கத்தும். ஓட்டினாள். துறைமுகம் பச்சை. கொல்லம் பச்சை. கடமக்குடி பச்சை. பழைய குறிப்புக்குக் கீழே இரண்டு வரி சேர்த்தாள்: 'தங்கச்சன் ஆள் அல்ல. கடமக்குடி ஜெட்டியில், டெஸ்ஸியின் கடைக்குப் பின்னால் இருக்கும் நீர்மட்டக் குழாய்.'

"டெஸ்ஸி யாருன்னு பத்து வருஷம் கழிச்சு ஒருத்தி தேடுவா," என்றான் வினோஜ்.

"தேடி வரட்டும்," என்றாள் டெஸ்ஸி எட்டிப் பார்த்து. "ஆரஞ்சோட வரட்டும்."

"எல்லாம் பச்சை சேச்சி. அமுக்குங்க. சாயங்காலம் வரைக்கும் எதுக்கு இழுக்கணும்?"

லிஜியின் விரல் பொத்தான்மேல் போனது. டெஸ்ஸி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என் புகாரை மூடாம நீ எப்படி வெளியிடுவே?"

"சரியாயிடுச்சே சேச்சி."

"உன் மிஷின்ல சரியாச்சு. என் அடுக்களையில?" புதிய கணக்கில் ஒரு சீட்டு அடித்து நீட்டினாள். "படி ஒன்று."

கடைக்கு ஒட்டியதுதான் வீடு. அடுக்களையில் அரிசிப் பானையும் மிக்ஸியும் ஏற்கெனவே திட்டின் மேல் ஏறியிருந்தன. லிஜி செருப்பைக் கழற்றிவிட்டு, திட்டில் மிக்ஸிக்குப் பக்கத்தில் லேப்டாப்பைத் திறந்து வைத்தாள். துறைமுகக் கணக்குப்படி தண்ணீர் எப்போதோ திரும்பியிருக்க வேண்டும். இங்கேயோ பின்வாசல் படியைத் தாண்டி, மண் வாசனையோடு, சத்தமே இல்லாமல் உள்ளே வந்துகொண்டிருந்தது. முதலில் விரல்கள், பிறகு பாதம். சீட்டில் போட்டிருந்த நேரத்துக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது.

இருவரும் நின்றபடியே ஆரஞ்சு உரித்துத் தின்றார்கள்.

"சீட்டுல இருக்கிறதுக்கு அப்புறமும் ஏறினா?" என்று கேட்டாள் லிஜி.

"ஏறினா நீ சாயங்காலம் வரைக்கும் இங்கேயே உக்காந்து எழுதுவே. கப்பாவும் மீன்கறியும் இருக்கு."

டெஸ்ஸி ஒரு துண்டுத் தோலைத் தண்ணீரில் போட்டாள். அது ஃப்ரிட்ஜ் பலகையை நோக்கி மெதுவாக உள்ளே நகர்ந்தது. தண்ணீர் கணுக்காலைத் தொட்டது.

போனில் வினோஜ், "என்ன ஆச்சு? ஆச்சா?" என்றான்.

"பேசாதடா. பார்த்துக்கிட்டு இருக்கோம்."

தோல் பலகைக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே வட்டமடித்தது. லிஜி சீட்டைப் பார்த்தாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், தோலைப் பார்த்தாள். அது திரும்பி, யாரோ கூப்பிட்டதுபோல, பின்வாசலை நோக்கிக் கிளம்பியது.

"இப்போ என் புகாரை மூடிக்கோ," என்றாள் டெஸ்ஸி.

லிஜி ஈரக் கையை நைட்டியில் துடைத்தாள். அது டெஸ்ஸியின் நைட்டி. பிறகு புகாரை மூடி, வெளியீட்டுப் பொத்தானை அமுக்கினாள்.