யூன் கட்சியும் வேரா கட்சியும்

கொரியாக்காரர் யூன் பெரிய ஆளா, ரஷ்யாவின் வேரா அம்மா பெரிய ஆளா என்று எனக்கும் ரம்லத்துக்கும் ஒரு வருடமாகச் சண்டை. அவர்கள் இருவரும் உலக மேடைகளில் பியானோ வாசிப்பவர்கள். நாங்கள் இருவரும் தேனியில் போட்டித் தேர்வுக்குப் பாடம் எடுப்பவர்கள். இருவரும் வாசித்த ஒரே பாட்டை வைத்து, மதியம் டிபன் பாக்ஸைத் திறந்ததும் ஆரம்பித்துவிடுவோம்.

“என் ஆளுக்கு விரலா அது? மிசினு! அதே பாட்ட நாலு நிமிஷத்துல முடிச்சிருவாரு” என்பேன்.

“ஓடுறதுக்கு அவரு என்ன கம்பம் பஸ்ஸா? எங்க வேரா அம்மா ஆறு நிமிஷம் வாசிக்கிறாக. பச்சப்புள்ளையத் தொடுற மாதிரி தொடுறாக.”

“ஆமா, கேக்குறவுகளும் அங்கனயே தூங்கிருவாக.”

ரம்லத் விடமாட்டாள். யூன் வாசிப்பைக் காதில் வாங்கமாட்டேன் என்று சத்தியமே செய்திருந்தாள்.

எனக்கு முப்பத்திரண்டு வயது. காமயகவுண்டன்பட்டி வீட்டு மாடியில் ஒரு மின்பியானோ வைத்து ஐந்து வருடமாகப் படிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதுரையில் எட்டாம் கிரேடு தேர்வு. வாசிக்க வேண்டியது அந்தப் பாட்டைத்தான். இசைத்தாளில் மிதமான வேகம் என்றுதான் அச்சடித்திருந்தது. நான் அதை மதிக்கவே இல்லை. யூன் வேகத்தில் வாசிக்காவிட்டால் அதெல்லாம் ஒரு வாசிப்பா என்று மணிக்கட்டு வீங்க வீங்க நாலு மாதம் முட்டி மோதினேன். ஒவ்வொரு தடவையும் பாதியில் விரல்கள் பின்னிக்கொண்டன.

வியாழக்கிழமை சோற்றைப் பிசைந்தபடியே சொல்லிவிட்டேன்.

“நான் மதுரைக்குப் போகல ரம்லத்து. நமக்கெல்லாம் இது வராது. பியானோவக் குடுத்துரப் போறேன்.”

சொல்லும்போதே அழுகை முட்டியது.

“என்னடி பேச்சு இது? அந்த ஆளு அப்படி என்னதான் வாசிச்சுக் கிழிக்கிறாருன்னு நானே பாக்குறேன்” என்று சத்தியத்தை மறந்து தன் போனில் யூனைத் தேடினாள். அவள் நெற்றி சுருங்கியது.

“ஏய் மாரீசு, இதுல ஆறு நிமிஷம் இருபது செகண்டுன்னு போட்டிருக்கு?”

“அது வேற யாராச்சும் வாசிச்சதா இருக்கும்.”

“உன் ஆளு மூஞ்சியேதான். உன் போனக் குடு.”

எங்கள் ஊர் பஸ்ஸில் சிக்னல் நிற்காது. பாடங்களை ஒரு ஆப்பில் இறக்கி வைத்து இயர்போனில் கேட்டுக்கொண்டே வருவேன். போட்டித் தேர்வு ஆட்கள் யாரும் பாடத்தை அதன் வேகத்தில் கேட்பதில்லை. ஒன்றரை மடங்கில் ஓடவிட்டால்தான் சிலபஸ் முடியும். அந்த ஆப் மொத்த நேரத்தையும் அதற்கேற்பக் குறைத்தே காட்டும். யூனையும் அதே ஆப்பில்தான் இறக்கி வைத்திருந்தேன். திரையின் மூலையில் சின்னதாக 1.5 என்று இருந்தது.

“யா அல்லா! ஒரு மனுசன இப்படியாடி வெரட்டுவ?” என்று ரம்லத் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

வேகத்தை ஒன்றுக்குக் கொண்டுவந்து, இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டோம். யூன் நிதானமாக வந்தார். இடது கையில் தாழ்ந்த குரலில் இன்னொரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வருடம் கேட்டும் அது என் காதில் விழுந்ததே இல்லை. உச்சத்துக்கு ஏறியவர் அங்கே ஒரு மூச்சு அளவுக்கு நின்றார். பிறகு ஒரே ஒரு கட்டையைத் தொட்டார். அடடா, என்ன மனுசன்! எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

ரம்லத்தின் சிரிப்பு எப்போது நின்றதென்று தெரியவில்லை. பாட்டு முடிந்தும் காதிலிருந்து இயர்போனை எடுக்கவில்லை.

“எங்க அம்மாவ விட மெதுவா வாசிக்கிறாருடி” என்றாள். “நான் கேக்காமலே ஒரு வருசமா அவரத் திட்டிருக்கேன்.”

அன்று சாயங்காலம் மாடிக்குப் போய், தாளில் இருந்த வேகத்திலேயே வாசித்தேன். விரல் பின்னவில்லை. முதல் தடவையாகக் கடைசிக் கட்டை வரைக்கும் போய்ச் சேர்ந்தேன். அதைப் பதிவுசெய்து ரம்லத்துக்கு அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் போனில் அவள் குரல்பதிவு வந்தது.

“கேட்டேன். ஒன்னுலதான் வச்சுக் கேட்டேன். ரெண்டு தடவ. ஞாயித்துக்கெழம நானும் மதுரைக்கு வாரேன். ஆனா ஒன்னு, எங்க அம்மாதான் பெரியவுக.”