கிடங்குப் பூனை

கங்கம்மாள் பூனைக்குட்டியை முந்தானைக்குள் மறைத்து எடுத்து வந்தாள். பால் ஊற்ற வருகிறவள் செம்பைக் கீழே வைக்காமல் சிரித்துக்கொண்டே நின்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? சுகரா பேகம் என்னவென்று கேட்பதற்குள் முந்தானையே கத்திக் காட்டிக்கொடுத்துவிட்டது.

"எங்க வூட்டுப் பூனை குட்டி போட்டுக்கீது பீபிம்மா. இதுதான் துருதுருன்னு இருக்குது. வச்சுக்கோ. வூட்ல ஒரு சத்தம் இருக்கட்டும்."

அந்த வீட்டில் சத்தம் அடங்கி ஒரு வருஷம் ஆகப்போகிறது. போன வருஷம் ஆம்பூரில் விஷக் காய்ச்சல் நுழையாத தெரு இல்லை. ரம்ஜானுக்குத் தைத்த புதுத்துணியைப் போட்டுப் பார்க்கக்கூட விடாமல் சுகராவின் ஒரே மகள் மஹ்பூபியைக் கொண்டுபோய்விட்டது. ஏழு வயசு. அதைப் பற்றி நீட்டி முழக்கிச் சொல்ல எனக்கு மனசில்லை.

சுகரா குட்டியைக் கையில் வாங்கினாள். எலும்பும் ரோமமுமாக ஒரு கைப்பிடிதான் இருந்தது. அதன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்வது உள்ளங்கையில் தெரிந்தது. சட்டென்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"வேணாம்க்கா. இது பால் மறக்கணும், நாய் வாயில சிக்காம வளரணும். காலையில எழுந்ததும் இருக்குதா, இருக்குதான்னு தொட்டுப் பார்த்துட்டு உக்கார எனக்குத் தெம்பில்ல. வளந்து முடிஞ்சதா ஒண்ணு இருந்தா சொல்லு."

"ஐய, வளந்த பூனை எங்கனா பழகுமா? விட்டா பழைய எடத்துக்கே ஓடிப்போய்டும்."

"ஓடட்டும். ஓடறதுக்குக் காலாவது இருக்குதே."

கங்கம்மாள் குட்டியை மறுபடி முந்தானைக்குள் போட்டுக்கொண்டு பாலை ஊற்றினாள்.

அன்று சாயங்காலம் சுகரா இதைக் கணவனிடம் சொன்னாள். நிசார் அஹமது தோல் பதனிடும் ஷாப்பில் கிடங்கு மேஸ்திரி. பதனிட்டுக் காயவைத்த ஆட்டுத்தோல்களை அடுக்கி, கோணியில் சுற்றிக் கட்டாக்கி, சென்னைப் பட்டணத்துக்கு ரயிலேற்றுவது அவன் பொறுப்பு. பெண்டாட்டி தானாக ஒன்று வேண்டும் என்று கேட்டு எத்தனையோ மாதமாகிறது. பாவம், அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எங்க கிடங்குல எலிக்காக வச்சிருக்கிற பூனைங்க ரெண்டு இருக்குது. ஒரு கடுவன், நல்லா கொழுகொழுன்னு இருக்கும். அத்த எடுத்துட்டு வர்றேன்."

"இன்னொண்ணு?"

"அது வேணாம்."

"ஏன்?"

நிசார் காரணத்தைச் சொன்னான். கிடங்கில் ஒரு சட்டம் உண்டு. கட்டுக்குக் கயிறு போடுமுன் அடுக்கைப் பிரித்து உதறிப் பார்க்க வேண்டும். காய்ந்த தோல் மெத்தையைப் போல மிருதுவாக இருப்பதால், பூனை அதற்குள்தான் குட்டி போடும். மழை இருட்டிக்கொண்டு வந்த ஒரு நாள், ஸ்டேஷனுக்குப் போகிற வண்டி வாசலில் காத்துக்கொண்டு நிற்க, ஆட்கள் பார்க்காமலே ஒரு கட்டைக் கட்டி ஏற்றிவிட்டார்கள். வெளியே போயிருந்த தாய்ப்பூனை திரும்பி வந்தபோது வண்டி போய்விட்டிருந்தது.

"பட்டணத்துல பிரிச்சப்ப உள்ள இன்னா இருந்துச்சுன்னு யாரும் சொல்லல. நாங்களும் கேக்கல. அதுலருந்து அந்தப் பூனை எந்தக் கட்டைப் பார்த்தாலும் பிறாண்டுது. நகம் பட்ட தோல் வெலை போகுமா? ஆத்துக்கு அந்தாண்ட கொண்டுபோய் விட்டுடச் சொல்லி முதலாளி உத்தரவு."

சுகரா அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "நான் வந்து பார்க்கலாமா?"

வேலை நாளில் பெண்கள் கிடங்குப் பக்கம் போவது வழக்கமில்லை. ஆகவே வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து ஷாப்பு பூட்டிக் கிடந்தபோது நிசார் அவளை அழைத்துப் போனான். காவலுக்கு இருந்த பரந்தாமன் கதவைத் திறந்துவிட்டான். தோலில் ஊறிய ஆவாரம்பட்டை வாசனை குப்பென்று அடித்தது.

கடுவன் பூனை முதலில் வந்தது. வந்தது என்ன, பவனி வந்தது! சுகராவின் புர்காவில் முதுகை உரசிவிட்டு மல்லாக்கப் படுத்தது.

"இதுக்கு ஜமீன்தார்னு பேரு பீபிம்மா," என்றான் பரந்தாமன். "எலி பக்கத்துல போனா வழி விடும். ஆனா தங்கமான கொணம். வூட்டுக்கு இதான் லாயக்கு."

சுகரா குனிந்து அதன் வயிற்றைத் தடவினாள். நல்ல பூனைதான், சும்மா சொல்லக்கூடாது. ஆனால் அவள் கண் மூலைக்குப் போய்விட்டது. அங்கே கட்டுகளுக்கு நடுவே ஒரு சாம்பல் நிறப் பூனை உட்கார்ந்திருந்தது. விலா எலும்பு தெரிந்தது. முன்கால் நகங்கள் பிய்ந்து ரத்தம் கட்டியிருந்தன. அது இவர்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. எதிரே இருந்த தோல் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இது போதும்," என்றாள் சுகரா.

"யோசிச்சு சொல்லு," என்றான் நிசார். "கொஞ்சறதுக்கு வராது. மடியில ஏறாது."

"மடியில ஏறணும்னு நான் கேட்டனா?"

பரந்தாமன் கோணிப்பையை எடுத்து வந்தான். சுகரா கையமர்த்தினாள். பையில் போட்டுக் கட்ட வேண்டாம் என்று சொல்லி, புர்காவுக்குள் அணைத்து எடுத்துக்கொண்டாள். பூனை ஒரு தடவை பிறாண்டியது. பிறகு விறைத்துக்கொண்டு கிடந்தது.

வீட்டுக்கு வந்தும் அது பாலைத் தொடவில்லை. தேட ஆரம்பித்தது. அரிசிப் பானைக்குப் பின்னால், சுருட்டிய பாய்க்குள், விறகுக்கு அடியில், ஓரிடம் விடவில்லை. கடைசியில் சுவர் அலமாரிக்கு வந்தது. அங்கே ஒரு மூட்டை இருந்தது.

அந்த மூட்டையைப் பற்றிச் சொல்லித்தான் ஆகவேண்டும். மகளை அடக்கம் செய்த அன்று, பெண்கள் கூடி அழுதுகொண்டிருக்கையில், சுகரா கொடியில் கிடந்தது, பெட்டியில் இருந்தது என்று மஹ்பூபியின் துணிகள் எல்லாவற்றையும் வாரிப் போட்டு ஒரு பழைய போர்வையில் கட்டினாள். முடிச்சின் மேல் முடிச்சாகப் போட்டாள். இறந்தவர் துணியை ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவது அவர்கள் வழக்கம். நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதியபோது நிசார் கேட்டுப் பார்த்தான். அவள் தரவில்லை. வருஷ பாத்திஹா நெருங்குகிறதே என்று இப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். பின்தெரு ஜஹீருன்னிசாவின் பெண்கள் கிழிசல் துணியில் நிற்கிறார்கள் என்றும் சொன்னான். அவளுக்குத் தெரியாதா? ஆனாலும் மூட்டை பிரியாமல் இருக்கிறவரை மகள் எங்கோ விருந்துக்குப் போயிருக்கிற மாதிரி ஒரு நினைப்பு. பிரித்தால் அதுவும் போய்விடும். அந்தப் பயத்தில்தான் அவள் ஒரு வருஷத்தை ஓட்டியிருந்தாள்.

பூனை அந்த மூட்டையைப் பிறாண்டியது. விரட்டினாள். விரட்டினால் போகும், திரும்பி வரும். மூட்டையை இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். பூனை பெட்டியைப் பிறாண்டியது. தகரத்தில் நகம் இழுபடுகிற சத்தமும், நடுநடுவே அது அடிவயிற்றிலிருந்து கத்துகிற சத்தமும் தெருவரை கேட்டன. மறுநாளும் அதே கதை. பெட்டியின் மேல் ரத்தக் கோடுகள் விழுந்தன.

நிசார் பேஜாராகிப்போனான். "தானும் சாவுது, நம்மையும் சாகடிக்குது. நாளைக்குக் காலையில ஆத்துக்கு அந்தாண்ட விட்டுட்டு வந்துடறேன். மனச கல்லாக்கிக்கோ."

மறுநாள் காலையில் அவன் கோணிப்பையைத் தேடியபோது, "சாயங்காலம் எடுத்துட்டுப் போங்க," என்றாள் சுகரா. அவன் வேலைக்குப் போய்விட்டான்.

மத்தியான லுஹர் தொழுகை முடித்தபின் சுகரா பெட்டியைத் திறந்தாள். மூட்டையை எடுத்துத் தரையில் வைத்தாள். பூனை ஓடி வந்து அதன் மேல் விழுந்தது. பிய்ந்த நகத்தோடு அது முடிச்சை இழுப்பதைப் பார்க்க அவளால் முடியவில்லை.

"இருடி. நான் பிரிக்கறேன். நீ பாரு. பாத்துட்டு அடங்கு."

முடிச்சுகள் இறுகிப்போயிருந்தன. பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடிந்தது. முதலில் ஒரு நீலப் பாவாடை வந்தது. உதறிக் காட்டினாள். பூனை முகர்ந்தது.

"இதுல இல்ல."

மேல்சட்டை. காலர் ஓரத்தில் எண்ணெய்க் கறை. "இதுலயும் இல்ல." சரிகை வைத்த ரம்ஜான் துணி, ஒருமுறைகூட உடம்பில் படாதது. அதை உதற அவளுக்குக் கை வரவில்லை. ஆனாலும் உதறினாள். "இதுலயும் இல்லடி, என் கண்ணே." பூனை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்து, அடுத்ததற்காக அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தது.

கடைசியாக ஒரு பழைய தாவணித் துண்டு. மஹ்பூபி தலையில் போட்டுக்கொண்டு குர்ஆன் ஓதப் போனது. உதறும்போது அதன் நுனி கனத்தது. சின்னக் கையால் போட்ட தளர்ந்த முடிச்சு ஒன்று அதில் இருந்தது. முடிச்சு தானாக அவிழ்ந்து, உள்ளிருந்து புளியங்கொட்டைகள் தரையெங்கும் சிதறின. தாயம் ஆடச் சேர்த்து வைத்தவை. தரையில் தேய்த்துத் தேய்த்து ஒரு பக்கம் வெள்ளையாக்கியிருந்தாள் பெண்.

ஒரு கொட்டை உருண்டு போனது. சாம்பல் பூனை அதை உற்றுப் பார்த்தது. பிறகு புண்பட்ட காலால் மெல்லத் தட்டியது. கொட்டை கடகடவென்று ஓடிச் சுவரில் இடித்து நின்றது. அந்தச் சத்தம்! மத்தியானம் தூங்கவிடாமல் அந்த வீட்டில் தினமும் கேட்ட சத்தம் அது. "கொட்டையை எடுத்து வைடி, தலை வலிக்குது" என்று சுகரா எத்தனை தடவை திட்டியிருக்கிறாள்!

அவள் வாய்விட்டு அழுதாள். அடக்கம் செய்த அன்றுகூட அப்படி அழவில்லை. பால் செம்போடு தெருவில் போன கங்கம்மாள் ஓடி வந்து, வாசலிலேயே நின்று, உள்ளே வராமல் திரும்பிப் போனாள்.

சாயங்காலம் நிசார் கோணிப்பையோடு வந்தான். துணிகளெல்லாம் மடித்துத் தரையில் அடுக்கப்பட்டிருந்தன. வெற்றுப் போர்வையின் மேல் பூனை படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. நிசாருக்கு ஒன்றும் புரியவில்லை. பயந்துபோய், "இன்னா ஆச்சு சுகரா?" என்று கேட்டான்.

"கட்டறதுக்கு முன்னாடி பிரிச்சுப் பார்க்கணும்னு சொன்னீங்களே. நானும் பார்க்காமலே கட்டிட்டேங்க."

நிசார் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். ரம்ஜான் துணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வெகுநேரம் அதன் சரிகையைத் தடவிக்கொண்டிருந்தான். மகள் போன பிறகு அவனும் அதை அன்றுதான் பார்க்கிறான்.

"அந்தக் கோணிப்பையைக் குடுங்க," என்றாள் சுகரா.

"பூனைக்கா?"

"ஜஹீருன்னிசா வூட்டுக்குத் துணி கொண்டுபோக."

துணிகளை ஒவ்வொன்றாக அவளே பைக்குள் வைத்தாள். வாயைக் கட்டவில்லை. நிசார் அதைத் தோளில் எடுத்துக்கொண்டு வெளியே போனதும், சிதறிக் கிடந்த புளியங்கொட்டைகளைப் பொறுக்கி அலமாரியில் வைத்தாள். ஒன்றை மட்டும் பூனையின் காலடியில் போட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.