காளியம்மா கட்டிய பழத்தோரணம்

பக்கிரிசாமி நிச்சயத்தன்றே ஒரு சொல்லை வீசிவிட்டுப் போயிருந்தார். மாப்பிள்ளைக்கு அப்பா, கூலிம் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர், பேசத்தான் செய்வார்.

"கோயில்லயே தாலியக் கட்டி அழைச்சிக்கிட்டுப் போயிடறோம் தங்கச்சி. வீட்டு ஆம்பள சயாமுக்குப் போயி ஒரு தகவலும் இல்ல. இந்த வாசல்ல எப்படி மேளம் கொட்டறது?"

"இந்த வாசல்லதான் நடக்கும் அண்ணே," என்றாள் பிச்சையம்மாள். சயாமில் ரயில்பாதை போட ஜப்பான்காரன் லாரியில் ஏற்றும்போது அவள் புருஷன் முருகையா கத்திச் சொன்ன கடைசிப் பேச்சு அது. நான் இல்லாவிட்டாலும் மகள் குணவதி கல்யாணத்தை நம் வாசலிலேயே வை என்று சொல்லியிருந்தான்.

"சரி, வந்து பாக்கறோம். சாவு வீடு மாதிரி இருந்துச்சின்னா நேரா கோயிலுக்குத்தான்."

வந்து பார்க்க அந்த வீட்டில் என்ன இருந்தது? ஜப்பான்காரன் வந்து மூன்றாவது ஆனி மாதம் அது. செமிலிங் பக்கம் எந்தக் கடையிலும் வண்ணக் காகிதம் கிடையாது, நூல்கண்டு கிடையாது, கட்டிக்கொள்ளத் துணியே கிடையாது. லயத்து வரிசைவீட்டுப் பெண்கள் தோட்ட வேலைக்குக் கோணிச் சாக்கைத்தான் சுற்றிக்கொண்டு போனார்கள். நல்லது கெட்டதுக்கென்று ஆளுக்கு ஒரு சேலையைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார்கள். மரவள்ளிக் கிழங்கைத் தின்று தின்று வயிறு மட்டும் உப்பியிருந்தது. பிச்சையம்மாள் மொட்டைப் பலகைச் சுவரைப் பார்த்துப் பார்த்து அழுதாள்.

அடுத்த வீட்டுக் காளியம்மாவுக்கு அழுகையைக் கண்டால் ஆகாது.

"மூக்கச் சிந்திப் போடுடி. காகிதம் இல்லன்னா என்ன, பழம் இல்லையா? ஊரே பஞ்சத்துல கெடக்கு, மரத்துக்கு அது தெரியுமா? காய்ச்சித் தொங்குது லா."

"யாரு குடுப்பா?"

"அத நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொள்ளவும் செய்தாள். மறுநாள் சாயங்காலம் மெர்போக் பக்கத்துப் பழத்தோட்டத்திலிருந்து ஒரு மாட்டுவண்டி நிறையப் பழம் வந்து இறங்கியது. தோட்டம் சைதூனுடையது. அவள் புருஷனின் மளிகைக்கடை மூடிக்கிடந்தாலும் மரங்கள் மூடிக்கொள்ளவில்லை. சும்மாவா கொடுத்தாள் என்று பிச்சையம்மாள் கேட்டதற்கு, "உனக்குக் கல்யாணம் வேணுமா, கணக்கு வேணுமா?" என்று காளியம்மா வாயை அடைத்துவிட்டாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் விடிந்ததிலிருந்து அந்தப் பொம்பிளை வேலை செய்த அழகைச் சொல்ல வேண்டும். கட்டக் கயிறு இல்லையே என்று எல்லாரும் கையைப் பிசைந்தபோது, அவள் ரப்பர்க் காட்டுக்குள் நுழைந்து, மரத்து வெட்டில் நாடா நாடாவாகக் காய்ந்திருந்த ஒட்டுப்பாலை உரித்துக்கொண்டு வந்தாள். இழுத்தால் நீளும், முடிந்தால் அவிழாது. அதில் சிவப்பு ரம்புத்தான் ஒரு கொத்து, மஞ்சள் ரம்புத்தான் ஒரு கொத்து என்று மாற்றி மாற்றிக் கட்டி, தாழ்வாரம் முழுக்கத் தோரணம் விட்டாள். கொத்தில் இருந்த செவ்வெறும்பை அடுப்புச் சாம்பல் தூவித்தான் விரட்டினாள், அப்படியும் ஏழெட்டு அவள் முழங்கையில் தங்கள் கோபத்தைக் காட்டிவிட்டுத்தான் போயின. பால்வெட்டு குறைந்ததிலிருந்து சும்மா கிடந்த மங்குக் கிண்ணங்களைக் கழுவி, கம்பியோடு பலகைச் சுவரில் வரிசையாக மாட்டினாள். மரத்துப்பால் ஏந்திய மங்கில் இப்போது கருஞ்சிவப்பு மங்குஸ்தீனும் வெளிர்மஞ்சள் லங்சாட்டும் குவிந்து நின்றன. வாசலில் குலையோடு இரண்டு வாழை, நிலைக்கு மேலே கொண்டையோடு அன்னாசி. டுரியானையும் தொங்கவிடப் போனவளை, "சம்பந்தி மண்டையில விழுந்தா கல்யாணமே நின்னுடும்டி" என்று பிச்சையம்மாள் கெஞ்சித்தான் நிறுத்தினாள்.

லயத்துப் பிள்ளைகள் எதிரே உட்கார்ந்து எச்சிலை விழுங்கிக்கொண்டிருந்தார்கள். ஒன்றுகூடக் கையை நீட்டவில்லை. தாலி ஏறிய மறுநிமிஷம் எல்லாம் உங்களுக்குத்தான் என்று காளியம்மா சத்தியம் செய்திருந்தாள். அவளும் ஒரு பழத்தை வாயில் போடவில்லை.

மறுநாள் காலை கூலிம் ஆட்கள் வந்து இறங்கினார்கள். பக்கிரிசாமி வாசலில் நின்றார். நின்றவர் நகரவில்லை. அவர் தோரணத்தைப் பார்த்தார், ஒட்டுப்பால் நாடாவைத் தொட்டு இழுத்துப் பார்த்தார், ஒவ்வொரு மங்காகப் பார்த்துக்கொண்டே சுவரோரம் நடந்தார்.

"முப்பது வருசம் இந்த மங்குலதான் தங்கச்சி பொழச்சேன். இத இப்படி ஒருத்தர் பாக்க முடியும்னு எனக்குத் தோணல," என்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "மேளத்த இங்கயே கொட்டச் சொல்லுங்க. யாரு செஞ்சது இது? கூப்பிடுங்க, என் கையால வெத்தல பாக்கு குடுக்கணும்."

பிச்சையம்மாளுக்கு உயிர் திரும்பி வந்தது. காளியம்மாவைத் தேடினாள். ஆளைக் காணோம். அப்போதுதான் சைதூன் சிரித்துக்கொண்டே வந்தாள், பச்சைச் சேலையை முக்காடிட்டு. சிவப்புக் கரை, ஓரத்தில் மஞ்சள் கோடு. காளியம்மா தன் கல்யாணத்துக்குக் கட்டிய சேலை அது. அவள் பெட்டியில் இருந்ததும் அது ஒன்றுதான்.

"காளியம்மாதான் குடுத்துச்சு, பழத்துக்கு," என்றாள் சைதூன், பிச்சையம்மாளின் முகத்தைப் பார்த்துத் தடுமாறி. "வீட்டுல இன்னொண்ணு இருக்குன்னுச்சே?"

பிச்சையம்மாள் ஓடிப்போய் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"நான் வரல போடி," என்று உள்ளிருந்து குரல் வந்தது. "சாக்கக் கட்டிக்கிட்டு சம்பந்தி முன்னால நிக்கவா? கெடுத்துராத. இடுக்கு வழியா எல்லாம் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

கெஞ்சினாள், திட்டினாள், மகள்மேல் ஆணை வைத்தாள். கதவு அசையவில்லை. முகூர்த்தத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. காளியம்மாவைப் பல வருஷமாக அறிந்தவள் அல்லவா, கடைசியில் போகிற போக்கில் சொல்வதுபோல ஒன்றைச் சொன்னாள்.

"சரி, வராட்டி போ. நடுக்கொத்து அவுந்து கோணலா தொங்குது. வேற யாரையாவது கட்டச் சொல்றேன்."

கதவு படாரென்று திறந்தது.

"வேற யாரையாவதா? கை வச்சா மொத்தமும் உருவிக்கிட்டு வந்துரும்டி," என்று சாக்கை ஒரு கையால் பிடித்தபடி கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினாள் காளியம்மா. தோரணத்துக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். நடுக்கொத்து நூல் பிடித்ததுபோல் நேராகத் தொங்கியது.

"எங்கடி கோணல்?" என்று திரும்பியவள்தான் எல்லாரும் தன்னைப் பார்ப்பதைக் கண்டாள். சாக்கு முனையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு கூனிக்குறுகினாள். அவள் ஓடிவிடாதபடி பிச்சையம்மாள் கையைப் பிடித்திருந்தாள்.

பக்கிரிசாமி எழுந்து வந்தார். தட்டோடு வெற்றிலை பாக்கை நீட்டினார். "இந்தம்மா பக்கத்துல நின்ன பிறகுதான் தாலி," என்றார்.

அப்படியே நடந்தது. மேளம் கொட்டி அடங்கியதும் குணவதி மாப்பிள்ளையோடு வந்து, முதலில் பெற்றவள் காலிலும், அடுத்து சாக்குக் கட்டிய காளியம்மா காலிலும் விழுந்தாள். பிள்ளைகள் எழுந்து நின்றுவிட்டார்கள், கண்ணெல்லாம் தோரணத்தின் மேல்.

"கொஞ்சம் இருங்கடா," என்றாள் பிச்சையம்மாள். நடுக்கொத்திலிருந்து ஒரு ரம்புத்தானைப் பறித்து, தோலைக் கீறி, காளியம்மாவின் வாயில் வைத்தாள். அத்தனை பழத்தையும் தொட்டுத் தொட்டுக் கட்டியவள் தின்ற முதல் பழம் அது.