மௌனத்தை முடிக்காத அக்கா

படகு மூழ்கிய நிமிடத்திலிருந்து அந்தத் துறைமுக ஊரில், அந்தப் படகைக் கூப்பிட்டவர்களுக்கு மட்டுமே குரல் வந்தது. மற்றவர்கள் பேச்சு உதட்டோடு நின்றது. விதி அப்படி. அபாய அழைப்பு கேட்டால் கரை நிலையம் மௌனம் அறிவிக்கும். அதன்பின் ஆபத்தில் இருக்கும் படகோடு மட்டுமே பேசலாம். அறிவித்தவர் முடித்துவைக்கும்வரை மௌனம் நீடிக்கும். நாடுகளெல்லாம் கூடிக் கையெழுத்திட்ட விதி. கடலுக்கென்று எழுதியது ஊருக்குள்ளும் ஏறிவிட்டது.

அறிவித்தவள் நிலையத்தின் ரேடியோ ஆபரேட்டர். படகில் இருந்தவன் அவள் தம்பி. ஊருக்கு அவன் ஓட்டைவாய். ஆபரேட்டர் சான்றிதழ்த் தேர்வில் ஒவ்வொரு முறையும் தோற்றான். அபாயச் சொல்லைச் சொல்லாமல் முதலில் நலம் விசாரிப்பான். “உசுரு போற நேரத்துல குசலமாடா?” என்று அக்கா திட்டினாள். “உதவி கேக்குறோம்ல, மொட்டையாவா கேப்பாங்க?” என்றான் அவன்.

தண்ணீர் ஏறியபோதும் அப்படித்தான் கேட்டான்: “அண்ணே, நல்லா இருக்கீங்களா?” பக்கத்தில் போன பெரிய கப்பலின் ஆபரேட்டர், சான்றிதழ் வாங்கியவர், வெட்டிப்பேச்சு என்று ஒலியைக் குறைத்தார். கரைக்கு அவன் குரல் தேய்ந்து வந்து சேர்ந்தது. மீட்புப் படகு எண்ணெய்ப் படலத்தைத்தான் பார்த்தது.

மௌனத்தை முடிக்கச் சொல்லி மேலதிகாரி எழுதிக் காட்டினார். அக்கா மைக்கை இழுத்து, “டேய், உனக்கு இன்னும் பதில் வரலடா. வர்ற வரைக்கும் எல்லாரும் வாய மூடிட்டு இருக்கட்டும்” என்றாள்.

ஆண்டுகள் போயின. கடைக்காரர்கள் அவனைக் கூப்பிடுவதுபோலத் தொடங்கி விலையைச் செருகிப் பார்த்தார்கள். விலை வந்த இடத்தில் குரல் அறுந்தது. குழந்தைகளின் முதல் சொல் ஓட்டைவாய் என்பதாக இருந்தது. அம்மாவுக்கு மட்டும் குறையில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டே, “உங்கக்கா பிடிவாதம் யாருக்குடா வரும்?” என்று நாளெல்லாம் மகனிடம் புலம்பினாள்.

பல நாட்டுப் பிரதிநிதிகள் வந்தார்கள். சத்தமில்லாமல் மாநாடு நடத்தி, கைதூக்கி, அக்காவின் சான்றிதழைப் பறித்தார்கள். சான்றிதழ் இல்லாதவளால் மௌனத்தை முடிக்க முடியாது என்பது கோட்டுப் போட்ட அத்தனை பேருக்கும் மறுநாள்தான் உறைத்தது. திருப்பிக் கொடுத்தார்கள்.

கடைசியில் அந்தக் கப்பல் ஆபரேட்டரையே அழைத்துவந்தார்கள். தலை நரைத்திருந்தது. மைக் முன் நிமிர்ந்து உட்கார்ந்து, விதிப்படி, “உங்கள் அபாய அழைப்பு கிடைத்தது” என்றார். ஒலிபெருக்கியில் இரைச்சல் மட்டும். அக்கா அசையவில்லை. அவர் மைக்கை நோக்கிக் குனிந்தார். பிறகு மெல்ல, “நல்லா இருக்கேன் தம்பி. நீ எப்படி இருக்க?” என்றார்.

“இருக்கேண்ணே. கொஞ்சம் தண்ணி ஏறிடுச்சு.”

அக்கா மௌனம் முடிந்தது என்று அறிவித்தாள். தெருவில் எல்லாச் சத்தமும் ஒரே நேரத்தில் திரும்பியது. அவள் அழுதது அதில் யாருக்கும் கேட்கவில்லை.

அடுத்த மாநாட்டில் விதியில் ஒரு வரி சேர்ந்தது. அந்தத் துறைமுகத்தில் தேர்வு எழுதுபவர்கள் முதலில் அவனுக்குப் பதில் சொல்ல வேண்டும். தம்பி இன்னும் தினமும் கூப்பிடுகிறான். பணியில் இருப்பவர் நலம் சொல்லிவிட்டு, வானிலை வாசிக்கிறார்.